நிறம் பார்த்து நோயறிந்த காலம்

நீரிழிவு நம் நாட்டிற்குப் புதிய நோய் அன்று. சிறுநீர் தேன்போல் இனிப்பதையும், அதனை எறும்பு மொய்ப்பதையும் கண்ட பண்டை ஆயுர்வேத ஆசிரியர்கள் இதற்கு மதுமேகம் என்று பெயரிட்டனர். இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் 1674-இல் இவ்வினிப்பைக் குறித்து எழுதினார். மாத்யூ டாப்சன் என்னும் மருத்துவர் 1776-இல் அது சர்க்கரையே என்றும், இரத்தத்திலும் அது உண்டு என்றும் விளக்கினார். ஆக, இந்நோயை முதலில் உணர்த்தியவை எறும்பும் நாவுமே.

கண்ணுக்கு அப்பணி பின்னரே வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெனடிக்ட் என்ற அமெரிக்க அறிஞர், மயில்துத்தம் கலந்த நீல நிறக் கரைசல் ஒன்றை ஆக்கினார். அதில் எட்டுத் துளி சிறுநீரை விட்டுக் கொதிக்க வைப்பார்கள். சர்க்கரை இல்லையேல் நீலம் மாறாது. மிகுதிக்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறும். 1922-இல் இன்சுலின் மருந்து நோயாளிகளுக்குக் கிடைக்கத் தொடங்கியபின், மருந்தின் அளவை அறிய வீடுகளிலும் இச்சோதனை நிகழ்ந்தது.

இதில் இரு குறைகள் இருந்தன. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்தால்தான் சிறுநீரில் அது தென்படும். ஆகவே சர்க்கரை அபாயகரமாகக் குறைவதை இச்சோதனை அறிவிக்காது. மற்றொரு குறை இதனினும் கொடியது. விழியின் உட்புறத்தைக் காணும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் உலகிற்கு அளித்தார். சில ஆண்டுகளுக்குள், நீரிழிவுற்றோரின் விழித்திரையில் மாறுதல்கள் இருப்பதை வியன்னாவின் யேகர் கண்டார். நீலத்தையும் பச்சையையும் பிரித்தறியும் ஆற்றலையே இந்நோய் பலரிடம் மங்கச் செய்கிறது. நோயை அளக்கும் பொறுப்பை எந்த உறுப்பிடம் ஒப்படைத்தோமோ, அவ்வுறுப்பையே நோய் அரித்து வந்தது!

1956-இல் சிறுநீரில் தோய்க்கும் தாள்பட்டையும், 1960-களின் நடுவில் ஒரு துளி இரத்தத்தால் சோதிக்கும் பட்டையும் வந்தன. எளிமை கூடிற்று, ஆயினும் நிறம் பார்க்கும் கடமை நீங்கவில்லை. பட்டையின் நிறத்தை ஒளியால் அளக்கும் கருவி 1970-இல் விற்பனைக்கு வந்தது. மருத்துவர்களுக்கென்றே செய்யப்பட்ட அதனை, நீரிழிவு கொண்ட பொறியாளர் ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன், மருத்துவரான தம் மனைவி வாயிலாகப் பெற்றுத் தம் உடலைத் தாமே சோதித்தார். நோயாளியின் கையில் அளவுகோல் வந்த கதை இதுவே. பின்னர் எண்களைத் திரையில் காட்டும் கருவிகளும், பார்வையற்றோர்க்கு அவ்வெண்ணை வாய்விட்டுச் சொல்லும் கருவிகளும் தோன்றின. இந்நாளில் தோலில் பொருத்தும் உணர்கருவி அனுப்பும் அளவைக் கைப்பேசி படித்துச் சொல்லவும் கூடும்.

இவ்வளவு முயற்சியும் பயன் தந்ததா? அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்சுலினை நம்பி வாழும் 1,441 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1993-இல் வெளிவந்தது. நாள்தோறும் பன்முறை சோதித்துச் சர்க்கரையை நெருங்கிக் காத்தவர்களுள், விழித்திரை நோய் இல்லாதிருந்தோர்க்கு அது புதிதாகத் தோன்றுவது 76 விழுக்காடு குறைந்தது. முதியோரிடம் மிகுதியாகக் காணும் நீரிழிவிலும் கட்டுப்பாடு கண்ணைக் காக்க உதவும் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு 1998-இல் தெரிவித்தது.

ஊரையும் உற்றாரையும் விட்டு அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. விழித்திரை நோய் தொடக்கத்தில் வலியையோ மங்கலையோ காட்டாது. எனவே பார்வை நன்றாயிருக்கும்போதே, ஆண்டுக்கொரு முறையேனும் பாவையை விரியச் செய்து கண்ணைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். பார்வை மங்கியவர் எண் தெரியவில்லை என்று சோதனையைக் கைவிடலாகாது. பேசும் கருவி வேண்டுமெனக் கேட்கலாம். பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம். கண் காட்டாததைக் காது அறியட்டும். அளவு மட்டும் அறியப்படாது போகலாகாது.