காத்திருக்கவைக்கும் சட்டம்

1979 ஜூலை 11ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் பயங்கரவாதத்தை ஒழிக்குமாறு பிரிகேடியர் வீரதுங்காவுக்கு ஜனாதிபதி ஜெயவர்த்தனா கட்டளையிட்டார். அதே மாதத்தில் பிறந்ததே 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற பெயரோடும் மூன்றாண்டு ஆயுளோடும் வந்த அது, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது.

அமைச்சரின் கட்டளை ஒன்றினால், மும்மூன்று மாதங்களாக 18 மாதம் வரை ஒருவரைத் தடுத்து வைக்க 2022 வரை இடமிருந்தது. அக்கட்டளையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்தலாகாது என்றே சட்டம் இருந்தது. முறையிடுவதற்கு ஓர் ஆலோசனைச் சபை உண்டு என்பது மெய்தான். அச்சபையை நியமிப்பவர் ஜனாதிபதி. சபையால் இயல்வதோ அமைச்சருக்கு ஆலோசனை கூறுவது மட்டுமே. பூட்டியவரிடமே திறப்புக்கு விண்ணப்பம்! முறையீட்டை எத்தனை நாளில் விசாரித்து முடிக்கவேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. வழக்குத் தொடரப்பட்டாலோ, அது முடியும்வரை விளக்கமறியல் என்பதே 2022 வரை விதியாயிருந்தது. சட்டமா அதிபர் இசைந்தாலன்றிப் பிணை இருக்கவில்லை. தாமதத்துக்கு நீதிமன்ற எழுதுவினைஞரைக் குறைகூறுவோர் இச்சட்டத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.

காத்திருப்பின் விலை 1983இல் தெரிந்தது. ஜூலை 25, 27ஆம் நாட்களில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். தண்டனை பெற்றோரும் அவர்களுள் இருந்தனர். தீர்ப்பையே காணாதோரும் இருந்தனர். மலையகத்திலிருந்து அகதிகளாய் வந்த குடும்பங்களை வன்னியில் குடியமர்த்த உழைத்த ‘காந்தீயம்’ டாக்டர் இராஜசுந்தரம் அத்தகையவர். ஏப்ரலில் கைதான அவரது உயிர் ஜூலை 27இல் பறிக்கப்பட்டது.

2009இல் போர் முடிந்தது, காத்திருப்பு முடியவில்லை. வடமராட்சியிலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் தாய்மார் வழக்குத் தவணைக்கென ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து கொழும்புக்குப் போயினர். தவணை தள்ளிப்போனால் வந்த வழியே திரும்பினர். 2015 அக்டோபரில் கைதிகள் உண்ணாவிரதமிருந்தனர். நவம்பர் 13இல் வடக்குக் கிழக்கெங்கும் ஹர்த்தால் நடந்தது. 26ஆம் நாள் கொக்குவில் இந்துக் கல்லூரி மாணவன் ஒருவன், அவர்களின் விடுதலையைக் கோரித் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். அந்த இளம் உயிரைத் தியாகமென்று போற்றி அமைவது நமக்கு எளிது. அவன் வாழ்ந்திருக்க வேண்டியவன். 2018 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் அநுராதபுரச் சிறையை நோக்கிக் கால்நடையாகவே சென்றனர்.

2021 ஆகஸ்டில், முன்னாள் பிரதம நீதியரசர் அசோகா டி சில்வாவின் தலைமையில் மூவர் கொண்ட ஆலோசனைச் சபை நியமிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச எல்லையை 18 மாதத்திலிருந்து 12 ஆக்கியது. ஓராண்டாகியும் விசாரணை தொடங்காவிடில் பிணை கோரவும் இடமளித்தது. 43 ஆண்டுகளில் குறைந்தது ஆறு மாதம்.