காய்ச்சியவரும் கணக்கு எழுதியவரும்: சாராய வரலாற்றில் சேரி



நினைவுச் சொற்பொழிவுக்கு இப்படியும் ஒரு பொருளா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சாராயம் என்றாலே சேரி என்று பேசிப் பழகிய சமூகத்தில் நாமே அதை எடுத்துப் பேசுவதா என்ற கூச்சம் நமக்குள்ளும் உண்டு. நாம் பேசாமல் விட்டதால் அந்த வரலாற்றை எழுதும் வேலை காவல் நிலைய வழக்குக் கட்டுகளிடம் போய்விட்டது. அதைத் திருப்பி வாங்க வேண்டும்.

வடிப்பது பழைய தொழில்நுட்பம். புளிக்க வைத்த ஊறலை அடுப்பில் ஏற்றி, எழும் ஆவியைக் குளிர்வித்து இறக்குவதுதான் அது. சித்த மருத்துவம் இந்தக் கருவியை வாலை என்கிறது; ஓமத் தீநீர் அதில்தான் இறங்குகிறது. வெல்லமும் வெள்வேலம்பட்டையும் போட்ட ஊறலும் அதே விதிப்படியே வடிகிறது. வைத்தியர் வடித்தால் மருந்து, கூலிக்காரர் வடித்தால் குற்றம் என்ற பிரிவினையைப் போட்டது அடுப்பல்ல, அரசு.

1886ஆம் ஆண்டின் மெட்ராஸ் ஆப்காரிச் சட்டம் அந்தப் பிரிவினையை உறுதியாக்கியது. உரிமம் இல்லாமல் காய்ச்சுவதும் காய்ச்சும் கலம் வைத்திருப்பதும் குற்றமாயின. காய்ச்சும் உரிமை பணம் கட்ட முடிந்தவர் கைக்கும் பெரிய ஆலைகளுக்கும் போனது. குடிப்பதை அரசு தடுக்கவில்லை. வரி கட்டாமல் குடிப்பதைத்தான் தடுத்தது. பகலெல்லாம் பண்ணையில் உழைத்தவரின் கூலி மாலையில் கடை வழியாகக் கஜானாவுக்குத் திரும்பியது.

இதை நம் முன்னோர் அன்றே எதிர்த்தார்கள். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதருக்கு மது விலக்கல் பௌத்த ஒழுக்கத்தின் பகுதி. செங்கல்பட்டு மாவட்டக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் மதுவிலக்குக்காகக் குரல் கொடுத்தார். மதுவிலக்கு என்றதும் காந்தியையும் ராஜாஜியையும் மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்ததே இல்லை.

1937இல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் விலக்கு. 1971இல் தளர்வு, 1974இல் மீண்டும் தடை, 1981இல் மீண்டும் திறப்பு, 1983இல் டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கையில். ஆட்சி மாறினாலும் கஜானா குடியை விடவில்லை. ஊறல் பானை மட்டும் எல்லாக் காலத்திலும் குற்றவாளியாகவே இருந்தது. 1982இல் வந்த தடுப்புக்காவல் சட்டத்தைக் குண்டர் சட்டம் என்கிறோம். அதன் முழுப் பெயரில் குண்டருக்கு முன்பே கள்ளச்சாராயக்காரர் வந்துவிடுகிறார். விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

இப்படி ஒளிந்து வாழும் தொழிலைப் புதிதாகக் கற்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வாத்தியார் இல்லை, புத்தகம் இல்லை, அளக்கும் கருவி இல்லை. மூக்கும் நாக்கும்தான் துணை. துளியைப் பற்றவைத்து நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்பார்கள். மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். எந்தச் சோதனையை நம்பினாரோ அதுவே அவரைக் கைவிடுகிறது.

வெல்ல ஊறலில் மெத்தனால் மிகச் சொற்பமே உண்டாகும். பழத்தில் பெக்டின் இருப்பதால் சற்றுக் கூடும். ஒரே நாளில் தெருத்தெருவாகச் சாவு விழுவதற்கு அது போதாது. அதற்கு ஆலைக்கென்று உற்பத்தியாகும் மெத்தனால் வேண்டும். உடலுக்குள் போன மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது, மூச்சை நிறுத்துகிறது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மக்கள் குடித்தது காய்ச்சிய சாராயமல்ல, ஆலை மெத்தனால் என்று காவல்துறைத் தலைமையே சொன்னது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. சிப்காட் வந்தபின் ஏரிப் பாசனக் கூலிகள் ஆலை வாசல் ஒப்பந்தக் கூலிகளானார்கள். கரைப்பானும் ரசாயனமும் ஏற்றிய லாரிகள் நம் தெரு வழியே போகின்றன. மெத்தனாலை யார் வைத்திருக்கலாம், எவ்வளவு வைத்திருக்கலாம் என்று கட்டுப்படுத்த 1959ஆம் ஆண்டிலிருந்தே தமிழகத்தில் விதிகள் உள்ளன. அப்படியிருந்தும் சாவு விழுந்த மறுநாள் சோதனை நடப்பது கிடங்கிலா, காலனியிலா? உங்களுக்கே தெரியும்.

எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆந்திரம். அங்கே நெல்லூர் மாவட்டத் தூபகுண்டாவில் 1992இல், எழுத்தறிவு வகுப்புக்குப் போன ஏழைப் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். ரோசம்மா என்ற பெயர் நாடறிந்தது. போராட்டம் மாநிலமெங்கும் பரவி 1993 அக்டோபரில் ஆந்திரம் சாராயத்தைத் தடை செய்தது. அவர்கள் கைவைத்தது ஏலம் எடுத்தவரின் கல்லாவிலும் அரசின் வருவாயிலும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கோவாவில் முந்திரிப் பழத்தை வடிக்கும் ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016இல் அம்மாநில அரசு அதைப் பாரம்பரியப் பானமாக்கியது. செர்பியாவில் வீட்டில் பிளம் சாராயம் வடிக்கும் அறிவை 2022இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. தாத்தா பேரனுக்கு வெளிச்சத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். அதே கைவேலை இங்கே தடுப்புக்காவல்.

நம் சேரியில் அடுப்பைப் பற்றவைக்க அனுமதி கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. குடியால் தாலி இழந்த தாய்மார்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். நான் கேட்பது மூன்று கணக்குகள். மாநிலத்துக்குள் வரும் மெத்தனால் ஒவ்வொரு லிட்டரும் எங்கே போகிறது? சாராய வழக்குகளில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவர்கள் எந்தெந்தச் சாதியினர்? மது வருவாயில் எத்தனை ரூபாய் குடிநோய்ச் சிகிச்சைக்காகக் கூலிகளின் ஊருக்குத் திரும்பி வருகிறது?

இந்த மூன்றையும் அரசு வெளியிடட்டும். அதுவரை ‘கள்ளச்சாராயம்’ என்ற சொல்லில் கள்ளம் யாருடையது என்று நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.