களத்து அறிவும் கதிரடி இயந்திரமும்

பனச்சமூடு இன்று இரு மாநிலங்களின் எல்லையில் அமைந்த ஊர். ஒருபுறம் விளவங்கோடு, மறுபுறம் நெய்யாற்றின்கரை. முன்னர் இரண்டும் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரித்த பின்னரும், குன்றுகளுக்கிடையே தாழ்ந்து கிடக்கும் வயல்வெளியை இருபுறத்தாரும் 'ஏலா' என்றே வழங்குகின்றனர். கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல்லும் இத்தென்கோடியின் களங்களில் அடிக்கப்பட்டு வந்தன. அக்களத்து வேலையை இயந்திரம் எவ்வாறு கற்றுக்கொண்டது என்பதே இங்கு நாம் காணவிருக்கும் வரலாறு.

களத்தில் கதிரடிப்பு இரு கட்டமாக நிகழும். முதலில் கதிர்க்கட்டைக் கையிற்பிடித்துத் தரையிலோ கல்லிலோ ஓங்கி அடிப்பர். முற்றிய மணிகள் எளிதில் உதிரும், இதுவே தலையடி. தாளில் ஒட்டி நின்ற மணிகளுக்காக வைக்கோலைப் பரப்பி, மாடுகளைப் பிணைத்துச் சுற்றிச்சுற்றி மிதிக்க விடுவர், இது சூடடிப்பு. பின்னர் காற்றின் போக்கறிந்து தூற்றிப் பதரை நீக்குவர். எளிதில் உதிர்வதற்கு ஓர் அடி, உதிராததற்குப் பல மெல்லிய மிதிகள் என்பதே களத்தின் முறை.

1786ஆம் ஆண்டளவில் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்க்கில் என்பவர், சுழலும் உருளையால் கதிரடிக்கும் இயந்திரத்தை அமைத்தார். அறுப்பையும் அடிப்பையும் ஒருங்கே செய்யும் இயந்திரத்துக்கு அமெரிக்காவின் ஹைரம் மூர் 1836இல் காப்புரிமை பெற்றார். இவையெல்லாம் கோதுமை முதலிய தானியங்களுக்காகத் தோன்றியவை. நெல்லோ ஈரத்தோடு அறுக்கப்படுவது. அதன் பசுந்தாள் உருளையிற் சுற்றிக்கொள்ளும்; அடி மிகுந்தால் உமிக்குள்ளிருக்கும் அரிசி விரிசல் காணும். அத்தகைய நெல் ஆலையில் நொய்யாகும். விதைத்தால் முளைப்பும் குறையும். ஆகவே இயந்திரத்தை நெல்லுக்கு ஏற்ப மாற்றவேண்டியதாயிற்று.

வரிப்பட்டை பொருத்திய உருளைக்குப் பதிலாக இரும்பு முளைகள் பதித்த உருளை வந்தது. 1960களில் ஜப்பானியர் செய்த இயந்திரம், தாளை வெளியே பற்றிக்கொண்டு கதிரை மட்டும் உருளைக்குள் செலுத்தியது. கட்டைக் கையிற்பிடித்து அடிக்கும் தலையடியை இது ஒத்தது. வைக்கோலும் சிதையாது நின்றது. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1970களில் பரப்பிய கதிரடி இயந்திரமோ, தாளை உருளையைச் சுற்றிப் பலமுறை செலுத்தி மணியைப் பிரித்தது. பிணைத்த மாடுகள் சுற்றிவரும் முறையை இது ஒத்தது. சேற்றில் புதையாதிருக்கச் சக்கரத்துக்கு மாற்றாக ரப்பர்ப் பட்டையும் பொருத்தப்பட்டது.

பழைய இயந்திரத்தை வைத்திருப்போர்க்கும் களம் பாடம் கூறும். வைக்கோலில் மணி தங்கினால் உருளையின் வேகத்தை உடனே கூட்டுவது தவறு. முதலில் தேய்ந்த முளைகளை மாற்றவேண்டும். அடுத்து உருளைக்கும் அதன் கீழுள்ள சல்லடைத் தட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சிறிது குறைக்கவேண்டும். வேகத்தைக் கூட்டுவது இறுதியில்தான். காலைப் பனியில் நனைந்த கதிரும் நண்பகலில் காய்ந்த கதிரும் ஒரே அமைப்புக்கு இணங்கா. விசிறிக் காற்று குறைந்தால் பதர் நெல்லோடு சேரும். மிகுந்தால் நெல்லே வெளியே பறக்கும். தூற்றுவோர் கை உணர்ந்திருந்ததை இன்று இயந்திரம் ஓட்டுவோர் உணரவேண்டும்.

ஆயினும் களம் நெல்லை மட்டும் தரவில்லை. அடித்தவர்க்குக் கூலிநெல்லையும் அங்கேயே அளந்து தந்தது. 1830இல் இங்கிலாந்தின் கூலியாட்கள், குளிர்காலப் பிழைப்பைப் பறித்த கதிரடி இயந்திரங்களை உடைத்தெறிந்தனர். கேரளத்துக் குட்டநாட்டிலும் அறுவடை இயந்திரத்துக்கு விவசாயத் தொழிலாளரின் எதிர்ப்பு எழுந்தது. காலப்போக்கில் ஆள் கிடைப்பது அரிதாகவே, இன்று அறுவடைப் பருவத்தில் தமிழ்நாட்டிலிருந்து இயந்திரங்களும் அவற்றை ஓட்டுவோரும் எல்லை கடந்து கேரளம் செல்கின்றனர். பிழைப்புக்காகப் பிற மாநிலம் சேர்ந்த நேயர்க்கு இப்பயணம் புதிதன்று.

1970களின் நடுவில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 இலட்சம் ஹெக்டேரில் நடந்த நெற்பயிர், இன்று 2 இலட்சம் ஹெக்டேர் அளவில் சுருங்கியுள்ளது. எல்லையோர ஏலாக்கள் பலவற்றில் வாழையும் மரவள்ளியும் ரப்பரும் இடம்பெற்றுவிட்டன. எஞ்சிய வயல்கள் சிறியவை. பெரிய இயந்திரம் திரும்பவும் அங்கு இடம் போதாது. வயலுக்கு ஏற்பச் சிறிய இயந்திரத்தைச் செப்பஞ்செய்து கொடுத்தால், ஆளின்றித் தரிசாகும் ஏலாக்களுட் சில மீண்டும் நெல் காணக்கூடும். அச்செப்பத்தைச் செய்வோர், தலையடியும் சூடடியும் அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அவர்களைக் கேட்டறிவது நலம்.