புரோமெத்தசின் ஊசி: எச்சரிக்கை வாசகம் போதாது, வழியை அடைக்க வேண்டும்

பெனர்கன் என்ற வணிகப் பெயரில் பலரும் அறிந்த புரோமெத்தசின், 1940களில் பிரான்சின் ரோன்-புலாங்க் நிறுவன ஆய்வகத்தில் பால் ஷார்ப்பான்டியே உருவாக்கிய மருந்து. ஹிஸ்டமினின் எச்1 ஏற்பிகளை அது மறிப்பதால் அரிப்பும் தடிப்பும் தணிகின்றன. அசெட்டைல்கோலினையும் சேர்த்து மறிப்பதால், உட்செவியிலிருந்து மூளைக்குச் செல்லும் சமநிலைச் சைகைகள் மட்டுப்பட்டுப் பயணக் குமட்டலும் அடங்குகிறது. இந்தப் பயன்களை இக்கட்டுரை மறுக்கவில்லை. அம்மருந்து எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்பதில்தான் அதன் ஆபத்து பெரிதும் இருக்கிறது. நீர்த்துப்போகச் செய்யாமல் நேரடியாகச் சிரையில் செலுத்தும் வழக்கத்தை எந்த எச்சரிக்கை வாசகத்தாலும் பாதுகாப்பானதாக்க முடியாது, அதைக் கைவிடத்தான் வேண்டும் என்பதே என் வாதம்.

காரணம் கரைசலின் இயல்பிலேயே இருக்கிறது. இரத்தத்தின் பிஎச் அளவு ஏறத்தாழ 7.4. புரோமெத்தசின் ஊசிக் கரைசலின் பிஎச் 4க்கும் 5.5க்கும் இடையில். கெடாமல் காக்க ஃபீனாலும் அதில் சேர்க்கப்படுகிறது. தடித்த தசையின் ஆழத்தில் போட்டால் உடல் இந்தக் கடுமையைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. தோலுக்கடியில் போட்டால் திசு வெந்து அழியும், எனவே அந்த வழி முற்றிலும் விலக்கப்பட்டது. சிரையிலிருந்து வெளியே கசிந்தாலும் நரம்பு, தசைநாண் எல்லாம் பாதிக்கப்படும். தவறித் தமனிக்குள் சென்றுவிட்டாலோ நாளம் சுருங்கி, இரத்தம் உறைந்து, விரல்களுக்கு ஓட்டமே நின்றுபோய்த் திசு அழுகும். முழங்கை மடிப்பில் சிரைக்கு மிக அருகே தமனி ஓடுகிறது. சிலருக்கு முன்கைத் தமனி தோலுக்கு மிக அண்மையிலேயே அமைந்திருக்கும். ஊசியைச் சற்று இழுத்துப் பார்த்து, கருஞ்சிவப்பு இரத்தம் வந்தால் சிரைதான் என்று தேறிக்கொள்வது செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் பழகிய சோதனை. இந்த மருந்தில் அந்தச் சோதனை பொய்த்துவிடும். புரோமெத்தசின் பட்டவுடன் தமனி இரத்தமே நிறம் மாறிக் கறுத்துத் தெரியும். கவனமாக இருங்கள் என்ற அறிவுரை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கவனமாக இருப்பவரின் கண்ணையே மருந்து ஏமாற்றுகிறது.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒற்றைத் தலைவலியோடும் குமட்டலோடும் சிகிச்சைக்கு வந்த ஓர் இசைக்கலைஞருக்கு முதலில் இம்மருந்து தசையில் போடப்பட்டது. குணம் தெரியாததால் அதே நாளில் இரண்டாம் முறை கையில் சிரை வழியே நேரடியாகச் செலுத்தினார்கள். மருந்து தமனியை எட்டியது. அழுகல் பரவி முதலில் உள்ளங்கையையும் பிறகு முன்கையையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. கிட்டார் வாசித்துப் பிழைத்தவர் அவர். இம்மருந்தைத் தயாரித்த வையத் நிறுவனத்துக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2009 மார்ச் 4 அன்று, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வாசகத்தை ஏற்றுக்கொண்டதாலேயே நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்துவிடாது என்று 6–3 பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. தமனிக்குள் சென்றால் அழுகல் ஏற்படும் என்ற எச்சரிக்கை சம்பவத்தின்போதே பெட்டித் தாளில் அச்சாகியிருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதற்கு முன்பே இதே போல உறுப்பு இழக்க நேர்ந்த நிகழ்வுகள் குறைந்தது 20 இருந்ததையும் வழக்கின் பதிவு காட்டுகிறது. எச்சரிக்கை இருந்தது, வழியும் திறந்தே இருந்தது. அந்த இரண்டும் சேர்ந்து இருந்ததுதான் கோளாறு.

சிரை வழியால் கிடைப்பது என்ன? சிரையில் போட்டால் சுமார் 5 நிமிடத்தில் பலன் தெரியும், தசையில் போட்டால் சுமார் 20 நிமிடத்தில். வித்தியாசம் கால்மணி நேரம். தடிப்புக்கோ குமட்டலுக்கோ அந்தக் கால்மணி நேரத்துக்காக ஒரு கையைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. தசை வழி போதுமானது என்பதற்கு அனுபவச் சான்றுகள் உண்டு. 1989 மார்ச்சில் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் குமட்டலுக்கு இம்மருந்து தசை ஊசியாகத்தான் கொடுக்கப்பட்டது, பின்னர் அதுவே வழக்கமாயிற்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கடுமையாகக் கொந்தளித்த மனநோயாளிகள் 200 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஹாலோபெரிடாலோடு 25 அல்லது 50 மில்லிகிராம் புரோமெத்தசின் சேர்த்துத் தசையில் போட்டபோது லோராசிபாமைவிட விரைவாக நோயாளிகள் அமைதியடைந்தனர். உடனடிப் பலன் மிகவும் தேவைப்பட்ட அந்த நிலையிலும் சிரையை நாடவில்லை.

ஒழுங்குமுறை அமைப்பு மெல்ல மெல்லத்தான் அசைந்தது. 2009 செப்டம்பரில் கட்டமிட்ட கடும் எச்சரிக்கை வந்தது. 2023 டிசம்பரில்தான், ஆழ்ந்த தசை ஊசியே விரும்பத்தக்கது, சிரை தவிர்க்க முடியாதபோது மருந்தை நீர்த்துப்போகச் செய்து பெரிய சிரை வழியே 20 முதல் 40 நிமிடம் ட்ரிப்பாக ஏற்ற வேண்டும், கை, மணிக்கட்டுச் சிரைகள் கூடாது என்ற திருத்தம் வந்தது. நிமிடத்துக்கு 25 மில்லிகிராம் வரை செலுத்தலாம் என்ற பழைய இசைவோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். ஆனால் அதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின என்ற கேள்வியை நான் விட்டுவிட விரும்பவில்லை.

பல்லாயிரம் முறை சிரையில் போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பது அனுபவசாலிகள் சொல்லும் மறுப்பு. அபூர்வமாக நேர்ந்தாலும் மீட்க முடியாத கேடு இது. ஹெப்பாரின் முதலியவற்றைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், நிரூபணமான மாற்று மருந்து இல்லை. இரத்தம் உறையாத கோளாறு உள்ளவருக்குத் தசை ஊசி போட முடியாதே என்ற மறுப்புக்கு வலு உண்டு. அவர்களுக்கு மேலே சொன்ன ட்ரிப் முறையோ வேறு மருந்தோ இருக்கிறது. எந்த வழியிலானாலும், ஊசி போடும்போது எரிகிறது, வலிக்கிறது என்று நோயாளி சொன்ன அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கம்மா" என்று தொடர்வதுதான் கேட்டைப் பெரிதாக்கும்.

வழி சரியாக இருந்தாலும் விலக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மூச்சு அடங்கி உயிர் போகும் ஆபத்து உண்டு. ஓபியாய்டு வலிநிவாரணிகளோடும் மதுவோடும் சேர்ந்தால் தூக்கம் ஆழ்ந்து மூச்சு தளரும். முதியவர்களுக்குக் குழப்பமும் சிறுநீர் அடைப்பும் வரலாம். ஊசி போட்டுக்கொண்ட அன்று வண்டி ஓட்டக்கூடாது. இவையெல்லாம் பெரும்பாலும் தெரிந்தவை. தெரிந்தும் பிழையாகும் ஒன்று வேறு: முகம் வீங்கி, மூச்சு இழுத்து, இரத்த அழுத்தம் விழும் அனாஃபிலாக்சிஸில் எந்த ஆன்டிஹிஸ்டமினும் உயிர் காக்காது. வயது வந்தவருக்குத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின்தான் முதல் மருந்து. அதற்கு முன் "அலர்ஜி ஊசி" போட்டுவிட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வீணாகும் நிமிடம்.

நம் ஊரில் இடுப்பு ஊசியைவிட நரம்பு ஊசிக்கு வீரியம் அதிகம் என்று கேட்டு வாங்குவோர் இருக்கிறார்கள். கையில் கேனுலா ஏற்கெனவே இருந்தால் அதிலேயே ஏற்றிவிடும் கைப்பழக்கமும் இருக்கிறது. எனவே சிறு மருத்துவமனைகள் முதல் பெரிய மருத்துவமனைகள் வரை மருந்துக் குழுக்களிடம் நான் வேண்டுவது இரண்டு. சிரை ஊசித் தட்டிலிருந்து புரோமெத்தசின் ஆம்பூல்களை அப்புறப்படுத்துங்கள். மருந்துச் சீட்டில் எழுதும்போது "ஆழ்ந்த தசையில் மட்டும்" என்ற சொற்களையும் சேர்த்தே எழுதுமாறு மருத்துவர்களுக்கு விதி செய்யுங்கள்.