தாத்தாவோட பத்மினியை வீட்டிலேயே ரெடி பண்ணலாமா? ஸ்பேனரைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

ஊர்ல வீட்டுப் பின்பக்கம், தார்பாய் போட்டு மூடி ஒரு கார் நிக்குதா? நாலு டயர்லயும் காத்து இல்ல, சீட்டுக்குள்ள எலி குடும்பம் நடத்துது, ‘பழைய இரும்புக்குக் கொடுத்துடலாமா?’ன்னு வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி ஒரு பேச்சு வருதா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எங்க வீட்டுல நின்னது பெரியப்பாவோட பிரீமியர் பத்மினி. அவர் இறந்த பிறகு யாரும் தொடல. ஒருநாள் பழைய இரும்பு வியாபாரி வந்து விலை பேசிட்டுப் போனார். ‘அடுத்த வாரம் வண்டியோட வர்றேன்’னு அவர் சொன்ன அந்த ஒரு வாரத்துலதான் நான் இந்த வேலையில இறங்கினேன். அதனால கீழே வர்றதுல பாதி, நான் சொதப்பிக் கத்துக்கிட்டது.

முதல்ல எந்தக் கார்னு பாருங்க. தமிழ்நாட்டு வீடுகள்ல பெரும்பாலும் மூணு பேர்தான் சிக்குவாங்க. 1950-களின் கடைசியில ஆரம்பிச்சு 2014 வரைக்கும் தயாரான அம்பாசடர், 1983 டிசம்பர்ல வந்து 2014-ல விடைபெற்ற மாருதி 800, அப்புறம் பத்மினி. பத்மினி அடிப்படையில ஃபியட் 1100 கார்தான். மும்பையில பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரிச்சது. 70-கள்லதான் ‘பத்மினி’ன்னு பேர் மாறுச்சு. 1,089 சி.சி இன்ஜின், ஸ்டீயரிங் பக்கத்துலயே கியர். மும்பையில கறுப்பு மஞ்சள் டாக்ஸியா ஓடினதும் இதுதான். 2023 அக்டோபர்ல அங்கே கடைசி பத்மினி டாக்ஸியும் ரோட்டை விட்டு இறங்கிடுச்சு.

முதல் புராஜெக்ட்னா என் ஓட்டு கார்புரேட்டர் வெச்ச மாருதி 800-க்குத்தான். பார்ட்ஸ் சுலபமா கிடைக்கும், எல்லா மெக்கானிக்குக்கும் அத்துப்படி. ஆனா வீட்டுல நிக்கிற கார்தானே நம்ம கார்!

பேப்பர் இல்லைன்னா கார் இல்லை

ஆர்வத்துல எல்லாரும் முதல்ல பானெட்டைத்தான் திறப்பாங்க. நீங்க பீரோவைத் திறங்க. ஆர்.சி புக் இருக்கா? யார் பேர்ல இருக்கு? சொந்த உபயோக கார்களுக்குப் பதிவு 15 வருஷம்தான் செல்லும். அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ ஆபீஸ்ல வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். அதுக்கு படிவம் 25. உரிமையாளர் இறந்துட்டா, மூணு மாசத்துக்குள்ள படிவம் 31 கொடுத்து வாரிசு பேருக்கு மாத்தியிருக்கணும். நம்ம வீடுகள்ல இதை யார் செய்றா? இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுகளோட சம்மதம்னு எல்லாத்தையும் சேர்த்துக்கிட்டு, தாமதக் கட்டணத்தோட போய் நிக்கணும்.

‘மத்த வாரிசுகளோட சம்மதம்’னு ஒரு வரியில எழுதிட்டேன். எங்க வீட்டுல அது நாலு மாசம். ‘இவ்வளவு நாள் சும்மா கெடந்த காருக்கு இப்ப என்ன திடீர் பாசம்?’னு ஒரு அத்தை கேட்டாங்க. நியாயமான கேள்விதான். கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ரூபாய்கூட செலவு பண்ணாதீங்க. நீங்க லட்ச ரூபாய் போட்டு ரெடி பண்ணின பிறகு கேட்டா, பேச்சே வேற மாதிரி இருக்கும்.

பத்மினி கொஞ்சம் பழசா இருந்தா இன்னொரு விஷயம். 50 வயசு தாண்டின, பெருசா மாத்தாத கார்களை ‘வின்டேஜ்’னு தனியா பதிவு பண்ண 2021-ல மத்திய அரசு விதி கொண்டு வந்துச்சு. புதுசா பதிவு பண்ணினா நம்பர்ல ‘வி.ஏ’ன்னு வரும், 10 வருஷத்துக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனா அந்த வண்டியை தினமும் ஆபீஸுக்கு ஓட்டிட்டுப் போக முடியாது. கண்காட்சி, ரேலி மாதிரி விஷயங்களுக்கு மட்டும்தான். முக்கியமா, சேஸிஸ், பாடி, இன்ஜின்ல கை வெச்சிருந்தா அந்தத் தகுதி போயிடும். அதனால காருக்கு 50 வயசு நெருங்குதுன்னா ‘மாடிஃபை’ங்கிற வார்த்தையையே மறந்துடுங்க.

சாவியைப் போட்டுத் திருப்பாதீங்க!

வருஷக்கணக்கா நின்ன காருக்குப் புது பேட்டரி போட்டு உடனே செல்ஃப் அடிக்கிறதுதான் இருக்கறதுலேயே பெரிய தப்பு. உள்ளே பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவரோட துருப்பிடிச்சு ஒட்டியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்கை எல்லாம் கழட்டிட்டு, ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை விட்டு ஒருநாள் ஊற விடுங்க. அப்புறம் நியூட்ரல்ல வெச்சு, முன்னாடி இருக்கிற கிராங்க் புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டுக் கையால மெதுவா சுத்திப் பாருங்க. சுத்துச்சுன்னா நிம்மதி. சுத்தலைன்னா முறுக்காதீங்க, இன்னும் ரெண்டு நாள் ஊறட்டும். அப்பவும் அசையலைன்னா ஹெட்டைக் கழட்டணும். அது மெக்கானிக் அண்ணனுக்கும் லேத் பட்டறைக்குமான வேலை.

பழைய பெட்ரோலை முழுசா வடிச்சிடுங்க. டேங்க்கைக் கழட்டி உள்ளே டார்ச் அடிச்சா துருப்பொடி தெரியும். அது கார்புரேட்டர் ஜெட்டுக்குள்ள போனா வண்டி நூறு மீட்டர் ஓடும், நிக்கும், மறுபடி ஓடும். நான் இதுலயே ரெண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைச்சேன்.

இன்னொண்ணு. இப்போ பங்க்ல கிடைக்கிற பெட்ரோல்ல 20 சதவிகிதம் வரைக்கும் எத்தனால் கலந்திருக்கு. இந்தக் கார்களோட ரப்பர் குழாய், டயஃப்ரம் எதுவும் அதுக்காகச் செஞ்சதில்ல. நாளாக நாளாக இளகி, வெடிச்சு, சூடான இன்ஜின் மேலயே பெட்ரோல் சொட்டும். பழைய பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் எத்தனாலைத் தாங்குற புது ஹோஸா மாத்திடுங்க. சில நூறு ரூபாய்தான். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதனால மாசக்கணக்குல ஓட்டாம வைக்கப்போறீங்கன்னா டேங்க்ல பழைய பெட்ரோலைத் தேங்க விடாதீங்க.

ஓடுறது அப்புறம், முதல்ல நிக்கட்டும்

இன்ஜின் ஸ்டார்ட் ஆகற அன்னிக்கு வீடே கைதட்டும். ‘ஒரு ரவுண்டு போலாம் வா’ன்னு குட்டிப் பசங்க ஏறி உட்கார்ந்துடுவாங்க. அன்னிக்கு மட்டும் மனசைக் கல்லாக்கிக்கோங்க.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். அந்த ஈரத்துல மாஸ்டர் சிலிண்டரும், வீல் சிலிண்டரும் உள்ளுக்குள்ள அரிச்சிருக்கும். பெடலை மிதிச்சா கெட்டியாதான் இருக்கும். நாலாவது தடவை மிதிக்கும்போது ரப்பர் கப் கிழிஞ்சு கால் தரை வரைக்கும் போகும். பல பழைய கார்கள்ல நாலு வீலுக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன்தான். எங்கே ஒழுகினாலும் நாலும் போச்சு. அதனால ரப்பர், ஹோஸ், ஆயில் எல்லாமே புதுசு போடணும். இந்த வேலையை யூடியூப் பார்த்து நாமளே முடிச்சிடலாம்னு நினைக்காதீங்க. கழட்டுறது, துடைக்கிறது வரைக்கும் நீங்க. மாட்டி, ஏர் எடுத்து, ஓட்டிப் பார்க்கிறது அனுபவமுள்ள மெக்கானிக்.

டிரம்மைத் திறந்தா உள்ளே கரும்பொடி இருக்கும். கம்ப்ரஸர் வெச்சு ஊதாதீங்க, பழைய பிரேக் ஷூவுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மாஸ்க் போட்டுக்கிட்டு ஈரத்துணியால துடைச்சு எடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில படுக்கவே படுக்காதீங்க, ஸ்டாண்ட் கண்டிப்பா வேணும். செங்கல் அடுக்கறதெல்லாம் ஸ்டாண்ட் ஆகாது!

பட்டி எனும் மேக்கப்

நான் பணத்தை விட்ட இடம் இதுதான். தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு ஒரு பட்டறையில பாடி வேலைக்கு விட்டேன். மூணு வாரத்துல பளபளன்னு வந்துச்சு. அடுத்த மழைக்காலம் முடியறதுக்குள்ள கதவோட அடிப்பக்கம் பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்புச்சு. விரலால அழுத்தினா உள்ளே போகுது. துருப்பிடிச்ச தகட்டை வெட்டி எடுக்காம, அது மேலயே பட்டி பூசிப் பெயின்ட் அடிச்சிருக்காங்க.

அதனால டிங்கரிங் நடக்கும்போது ரெண்டு நாளைக்கு ஒருமுறை நேர்ல போய் நில்லுங்க. துருவை வெட்டி, புதுத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணின பிறகு, பட்டி போடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க. வாங்கப்போற பழைய காரா இருந்தா, சின்ன காந்தத்தைத் துணியில சுத்தி பாடி மேல ஓட்டிப் பாருங்க. எங்கே ஒட்டாம நழுவுதோ அங்கே பட்டி தடிமனா இருக்கு. தரை மேட்டைத் தூக்கி ஃப்ளோரையும், டிக்கியில ஸ்டெப்னி வைக்கிற குழியையும் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

பார்ட்ஸுக்கு சென்னையில புதுப்பேட்டை, ஜி.பி ரோடு ரெண்டையும் சுத்தணும். பழைய பார்ட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க. பேரைச் சொன்னா ஒண்ணு தருவாங்க, பார்ட்டைக் காட்டினா சரியானதைத் தருவாங்க.

என்னென்ன மாத்தலாம்?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்கள்ல இருந்து வண்டியை மாத்தக் கூடாது. 2019-ல உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திடுச்சு. கூரையை வெட்டுறது, இஷ்டத்துக்கு வேற இன்ஜின் மாட்டுறது எல்லாம் ரீல்ஸுக்கு நல்லா இருக்கும், ஆர்.டி.ஓ முன்னாடி நிக்காது. இன்ஜின் மாத்தணும்னா முன்அனுமதி வேணும். கலர் மாத்தினா ஆர்.சி-யிலயும் மாத்தணும். சத்தம் போடுற சைலன்ஸர் பத்தி நான் எதுவும் சொல்லல, உங்க பக்கத்து வீட்டுக்காரங்க சொல்வாங்க.

வெளியே தெரியாத சின்ன மாற்றங்கள்தான் உண்மையில உபயோகமானவை. என் ஃபேவரைட், ஹெட்லைட்டுக்கு ரிலே. பழைய கார்கள்ல லைட்டுக்கான மொத்த கரன்ட்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியா சுத்தி வரும். வழியிலேயே வோல்டேஜ் குறைஞ்சு லைட் மஞ்சளா எரியும், சுவிட்ச் சூடாகும். பேட்டரியில இருந்து ஃப்யூஸ், ரிலே வெச்சு நேரா வயர் இழுத்தா, அதே பல்புதான், வெளிச்சம் வேற! பாயின்ட்டுக்குப் பதிலா எலெக்ட்ரானிக் இக்னிஷன், அளவு பொருந்துற ரேடியல் டயர், சீட் பெல்ட் இதெல்லாமும் பார்க்கலாம். சீட் பெல்ட்டை மட்டும் தகட்டுல ஓட்டை போட்டு மாட்டாதீங்க. உறுதியான இடத்துல, பின்னாடி கெட்டி பிளேட் கொடுத்து மாட்டணும்.

எல்லாம் சரி, எவ்வளவு ஆச்சு? நான் ஒன்றரை லட்சம்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சு ஆரம்பிச்சேன். பட்டி பூசின கதவுகளை மறுபடி பிரிச்சதோட சேர்த்து மூணு லட்சத்தைத் தாண்டிடுச்சு. ஆறு மாசம்னு நினைச்சது ரெண்டு வருஷமாச்சு. இந்தப் பணத்துக்கு ஓடுற நிலைமையில இருக்கிற நல்ல செகண்ட் ஹேண்ட் காரே வாங்கியிருக்கலாம்.

ஆர்.டி.ஓ ஆபீஸ்ல வண்டியைக் காட்டிட்டு நேரா ஊருக்கு ஓட்டிட்டுப் போனேன். கையெழுத்துப் போட மூணு மாசம் இழுத்தடிச்ச அதே அத்தை, முன் சீட்டுல ஏறி உட்கார்ந்து, ‘உங்க பெரியப்பா இந்த இடத்துல எப்பவும் செகண்ட் கியர் போடுவாரு’ன்னாங்க. செகண்ட் கியர் விழ மாட்டேங்குது. கியர் லிங்கேஜ் புஷ் தேய்ஞ்சிருக்காம். அடுத்த வாரம் புதுப்பேட்டை போகணும்.