அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத் தொழிலாளர் சட்டங்கள்

சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரே மின்ரயிலில் வேலைக்குப் போகும் இருவருக்குச் சட்டம் ஒன்றாக இருப்பதில்லை. 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வட்டார வழக்கில் ‘எஸ்டேட்’டில், லேத் ஓட்டுபவரின் பிரச்சினை மாநிலத் தொழிலாளர் துறைக்குப் போகும். 1961இல் தொடங்கிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கி கட்டுபவரின் பிரச்சினைக்கு ஒன்றிய அரசே பொறுப்பு. அந்த ஆலை 2021 அக்டோபர் 1 முதல், ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ‘ஆர்மர்டு வெஹிகிள்ஸ் நிகாம்’ என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. இந்த மாற்றத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே, ஓராண்டு ஆயுளோடு ஒரு தடைச்சட்டத்தையும் நாடாளுமன்றம் அந்த ஆண்டில் நிறைவேற்றியது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஊதியம், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகியவை பற்றிய இத்தொகுப்புகள் 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக வந்தவை. தொழிலாளிக்கு இவற்றால் கிடைத்ததில் முக்கியமானது பணி நியமனக் கடிதம்; எல்லோருக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்ற பழைய விதி தொடர்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு, மற்றவர்களுக்கு ஐந்தாண்டுதான்.

இழந்ததும் உண்டு. மின்சாரத்தில் இயங்கும் பட்டறையை ‘தொழிற்சாலை’ என்று கொள்வதற்கான ஆள் எண்ணிக்கை 10இலிருந்து 20ஆக உயர்ந்தது. அரசு அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்யக்கூடிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300க்குப் போனது. சிறு, நடுத்தர ஆலைகள் நிறைந்த எஸ்டேட்டைப் பொறுத்தவரை இந்த இரண்டு எண்களும் சிறியவை அல்ல.

இந்த வட்டாரத்துக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு மாநிலச் சட்டம். ‘தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்க்கு நிரந்தரத் தகுதி அளித்தல்) சட்டம், 1981’ என்பது அதன் நீண்ட பெயர். ‘480 நாள் சட்டம்’ என்றால் ஷிப்டில் நிற்கும் எவருக்கும் புரியும். 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவர் நிரந்தரத் தொழிலாளி ஆக வேண்டும் என்கிறது அது. சராசரியாக மாதத்துக்கு 20 நாள்தான் கணக்கு. பதிலி ஆட்களும் இதில் அடங்குவர். நோய், விபத்து, தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றுபோவது ஆகியவற்றால் பணித்தொடர்ச்சி அறுந்துவிடாது. ஆனால் கட்டுமானப் பணியாளருக்கு இச்சட்டம் பொருந்தாது. 50 பேருக்குக் குறைவாக உள்ள இடங்களும் பருவகாலத் தொழில்களும் இதன் வரம்புக்கு வெளியே. தொகுப்புகள் நீக்கிய 29 சட்டங்களின் பட்டியலில் இது இல்லை.

இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை பெருகவில்லை. காரணம் எளியது. 480ஐ நெருங்கும்போது ‘பிரேக்’ கொடுத்து, சில வாரம் கழித்துப் புதிதாகச் சேர்ப்பது ஒரு வழி. பயிற்சியாளர் என்று எழுதிக்கொள்வது இன்னொன்று. பரவலான மூன்றாவது வழி கான்ட்ராக்ட். எந்திரம் ஆலையுடையது, வேலை வாங்குபவர் ஆலையின் சூப்பர்வைசர், சம்பளம் மட்டும் கான்ட்ராக்டரிடமிருந்து வரும். இத்தகைய ஆட்கள் தாமாகவே ஆலையின் தொழிலாளர் ஆகிவிட மாட்டார்கள் என்று 2001இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் வெறும் போர்வை என்று மெய்ப்பித்தால்தான் வழி பிறக்கும். மெய்ப்பிக்கும் சுமை பெரும்பாலும் தொழிலாளி தலையில்தான் விழுகிறது. சட்டம் கொடுத்ததைக் காகிதம் பறித்துக்கொள்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஆகவே காகிதத்தைத் தொழிலாளியும் சேர்க்க வேண்டும். பி.எஃப்.பில் 2014 முதல் ஒருவருக்கு ஒரே யு.ஏ.என். எண். கான்ட்ராக்டர்கள் மாறினாலும் அந்தப் பாஸ்புக்கில் மாதவாரியாகப் பணம் கட்டிய வரலாறு நிற்கும். அதில் கான்ட்ராக்டர் பெயர்தான் இருக்கும் என்பதால், எந்த ஆலைக்குள் வேலை பார்த்தார் என்பதற்கு கேட் பாஸும் அடையாள அட்டையும் வேண்டும். பி.எஃப்.புக்கு அம்பத்தூர் பெயரிலேயே ஒரு மண்டல அலுவலகம் உள்ளது. ஈ.எஸ்.ஐ.யில் 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, நிர்வாகத்தின் பங்கு 3.25. நோய்க்காலத்தில் 91 நாள் வரை 70 விழுக்காடு ஊதியமும், பேறுகாலத்தில் 26 வாரச் சம்பளமும் அதிலிருந்து கிடைக்கும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம்.

வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்து நின்றதால், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இலேயே நீக்கியது. இப்போது அவர்களது ஒப்புதலும் போக்குவரத்தும் பாதுகாப்பும் நிபந்தனைகள்.

ஆலைக்கு வெளியே தங்குமிடத்தில் நடப்பதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைப் பூந்தமல்லி எழுப்பியது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்து, பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கியிருந்த பெண்கள் 2021 டிசம்பரில் உணவு நஞ்சாகி நோயுற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகளின் நிலை தெரியாத பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலை சில வாரம் மூடப்பட்டது. அங்கே தன் கைபேசிகளைத் தயாரித்துவந்த ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. விடுதியை நடத்தியது வேறொருவர் என்ற விளக்கம் எடுபடவில்லை. பின்னர் 2024 ஆகஸ்டில், ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் இத்தகைய ஆலைப் பெண்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது.

வேலையை விட்டு நீக்கப்பட்டவர் முதலில் போக வேண்டியது தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம். 45 நாளில் தீராவிட்டால் நேரே தீர்ப்பாயத்தை நாடலாம். சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவருக்கும் இந்த உரிமை உண்டு. தீர்ப்பாயத்தை நாட முன்பு மூன்றாண்டு அவகாசம் இருந்தது. புதிய தொழிலுறவுத் தொகுப்பில் அது இரண்டாண்டு.