‘குடியிருப்பவர்’ யார்? 1964 ஆணையின் ஒரு சொல்லும் புதுச்சேரி தலித் மக்களும்

கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் மாதங்களில் வழக்குரைஞர்களாகிய நம்மிடம் வந்து சேரும் தாள்களில் ஒரு வகை அடிக்கடி தென்படும். சாதிச் சான்றிதழ் கேட்ட மனுவுக்கு வட்டாட்சியர் அலுவலகம் ஒன்று தந்த பதில் அது. மனுதாரரின் குடும்பம் 1964இல் புதுச்சேரியில் ‘ரெசிடென்ட்’ ஆக இருந்ததற்குச் சான்று இல்லை. ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது. இவ்வளவே அதிலிருக்கும். அப்படியொரு தாளுடன் வந்த மாணவி ஒருவர் நம்மிடம் கேட்டார்: “ரெசிடென்ட் என்றால் குடியிருப்பவர் என்றுதானே பொருள், அண்ணா? நான் பிறந்தது, படித்தது, இப்போது குடியிருப்பது எல்லாம் இங்கேதான். என் தாத்தா எங்கே இருந்தார் என்பதற்கும் நான் குடியிருப்பதற்கும் என்ன தொடர்பு?”

ஆங்கில அகராதியின்படி எந்தத் தொடர்பும் இல்லை. சட்டத்தின்படி என்றால், எந்தச் சட்டம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரே சொல் சட்டத்துக்குச் சட்டம் வேறு பொருள் கொள்கிறது. அந்த வேறுபாட்டின் சுமையைப் புதுச்சேரியில் யாரைவிடவும் அதிகமாகச் சுமப்பவர்கள் தலித் மக்கள். எனவே இச்சொல்லைச் சற்று விரிவாகப் பார்ப்பது தேவை என்று கருதுகிறோம்.

இலத்தீன் வேரில் இச்சொல்லுக்கு ‘அமர்ந்திருத்தல், தங்கியிருத்தல்’ என்பது பொருள். அங்கிருந்து அது பல திசைகளில் பிரிந்தது. ஜிப்மரில் ‘ரெசிடென்ட்’ என்றால் மேற்படிப்புப் பயிற்சியோடு பணிபுரியும் மருத்துவர். அவருடைய ஊரைப் பற்றி அச்சொல் எதுவும் சொல்வதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் திருவிதாங்கூரிலும் மைசூரிலும் ‘ரெசிடென்ட்’ என்றால் அரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கண்காணித்த கம்பெனியின் ஆள். அந்த மண்ணோடு எந்த உறவும் இல்லாத ஒருவருக்கே அப்பெயர் சூட்டப்பட்டது என்பது இன்று நினைத்தால் வேடிக்கைதான். நகர்ப்புறத்தில் ‘குடியிருப்போர் நலச் சங்கம்’ என்று பலகை தொங்கும் மனைப்பிரிவுகளை எண்ணிப் பாருங்கள். அதே நகராட்சியில் தலைமுறைகளாக வாழும் சேரிக்கு அப்பலகையில் இடம் கிடைத்ததாக நாம் பெரும்பாலும் கண்டதில்லை.

சட்டங்களுக்கு வருவோம். வருமான வரிச் சட்டம் நாட்களை எண்ணுகிறது. ஓராண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தவர் பொதுவாக ‘ரெசிடென்ட்’ ஆகிவிடுவார். 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டமும் விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 182 நாள் என்ற அளவையே வைத்துக்கொண்டது. இவ்விரண்டும் பாட்டனைத் தேடுவதில்லை. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தன் 20ஆம் பிரிவில் ‘வழக்கமாகக் குடியிருப்பவர்’ யார் என்று பேசுகிறது. ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியூர் போனதாலேயே குடியிருப்பை இழந்துவிடவும் மாட்டார். உழைக்கும் மக்களுக்கு இதமான விளக்கம் இது. சொத்து உள்ளவருக்குத் தனிச் சலுகை தராமல், பிழைப்பு தேடிப் போனவரைத் தண்டிக்காமல் நிற்கிறது.

அரசமைப்புச் சட்டமும் இச்சொல்லைக் கவனமாகவே கையாண்டிருக்கிறது. பாகுபாட்டைத் தடுக்கும் 15ஆம் உறுப்பின் முதல் கூறில் ‘பிறப்பிடம்’ உண்டு, ‘வசிப்பிடம்’ இல்லை. அரசு வேலை பற்றிய 16(2)இல் பிறப்பிடம், வழித்தோன்றல், வசிப்பிடம் மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. அரசு வேலைக்கு வசிப்பிடத்தை நிபந்தனையாக வைக்க வேண்டுமென்றால் 16(3)இன்படி நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டும். எங்கே பிறந்தாய், யாருக்குப் பிறந்தாய், எங்கே வாழ்கிறாய் என்பவை வேறு வேறு கேள்விகள் என்பதை அரசமைப்பை எழுதியவர்கள் அறிந்தே எழுதினார்கள். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்தால் வருவதுதான் ‘ஆரிஜின்’ என்ற சொல். தமிழில் அதைப் ‘பூர்வீகம்’ என்கிறோம்.

புதுச்சேரிக்கு இக்கேள்வி எப்படி வந்தது? 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தாலும், 1956இல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. எனவே 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையில் புதுச்சேரி இல்லை. தனி ஆணை 1964 மார்ச் 5 அன்று வந்தது. ஆதிதிராவிடர், பறையர், பள்ளர், சக்கிலியர், வள்ளுவர், வெட்டியான், புதிரை வண்ணார் என நீளும் அதன் அட்டவணையில் இடம்பெற்ற சாதிகள், அந்த ஒன்றியப் பகுதியில் ‘ரெசிடென்ட்’ ஆன உறுப்பினர்களைப் பொறுத்த அளவில், பட்டியல் சாதிகளாகக் கருதப்படும் என்கிறது ஆணை. எந்தத் தேதியில் குடியிருந்தவர், எத்தனை ஆண்டு, எத்தனை தலைமுறை? ஆணையில் பதில் இல்லை. அரசமைப்பின் 341ஆம் உறுப்பின்படி, அறிவிக்கப்பட்ட பட்டியலில் ஒரு சாதியைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்.

அந்த இடைவெளியை நிரப்பியது சட்டமன்று, கடிதம். ஒன்றிய உள்துறை அமைச்சகம் 1977 மார்ச் 22 அன்று மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதல், இவ்விடத்தில் வசிப்பிடம் என்பதை அதன் நேர்ப்பொருளில் கொள்ளக்கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னது. குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாளில் ஒருவருக்கு நிரந்தர வசிப்பிடம் எங்கே இருந்தது என்பதே அளவுகோல். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு, அந்நாளில் பெற்றோரின் நிரந்தர வசிப்பிடம். 1985 பிப்ரவரியில் வந்த இன்னொரு கடிதம், குடிபெயர்ந்த பட்டியல் சாதியினர் தம் ‘ஆரிஜின்’ மாநிலத்தில்தான் சலுகை பெறலாம், போய்ச் சேர்ந்த மாநிலத்தில் அன்று என்றது. நிகழ்காலத்தைக் குறிக்கும் ஒரு சொல் இவ்வாறு ஒரு குறிப்பிட்ட தேதியில் ஆணியடிக்கப்பட்டது. அதன் பக்கத்தில் ‘பூர்வீகம்’ வந்து அமர்ந்தது.

உச்சநீதிமன்றம் இந்தப் போக்கைப் பெருமளவு ஏற்றது. சிறுவயது முதல் பம்பாயில் வளர்ந்த ஆந்திரப் பழங்குடி மாணவர், மகாராட்டிரத்தில் பழங்குடி ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கோர முடியாது என்றது 1990ஆம் ஆண்டின் மர்ரி சந்திரசேகர ராவ் தீர்ப்பு. ஒரு மாநிலத்தில் ஒரு சாதி அனுபவிக்கும் இழிவும் பின்னடைவும் அந்த மாநிலத்தின் சமூகச் சூழலோடு பிணைந்தவை என்பது அதன் தருக்கம். தீண்டாமையைச் சுமந்தபடி எல்லை தாண்டும் ஒருவருக்கு அச்சூழல் எல்லைக்கல்லோடு முடிந்துவிடுகிறதா என்று கேட்கத் தோன்றும். ஆயினும் 2018 ஆகஸ்ட் 30 அன்று பீர் சிங் வழக்கில் ஐவர் கொண்ட அரசமைப்பு அமர்வும், தில்லிப் பணிகளுக்குத் தனி நிலை தந்துவிட்டு, மாநிலங்களைப் பொறுத்தவரை அதே வழியில் நின்றது.

புதுச்சேரியின் கதை இந்த நேர்கோட்டில் செல்லவில்லை. இடைநிலை ஆசிரியர் நியமனத்தில் வெளிமாநிலங்களிலிருந்து குடிபெயர்ந்த பட்டியல் சாதியினர் தேர்வானதை எதிர்த்து எழுந்த வழக்கு, எஸ். புஷ்பா எதிர் சிவசண்முகவேலு என்ற பெயரில் 2005இல் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதால் ஒன்றிய அரசின் கொள்கையைப் பின்பற்றலாம், அந்தத் தேர்வு செல்லும் என்றது நீதிமன்றம். அத்தீர்ப்பின் தருக்கம் பிற்பாடு வேறு அமர்வுகளில் ஐயத்துக்குள்ளானது. அடுத்து 2014இல், புதுச்சேரி பட்டியல் சாதி மக்கள் நலச் சங்கம் எதிர் தலைமைச் செயலர் என்ற வழக்கு. ஒதுக்கீட்டின் பயனைப் புதுச்சேரியைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கு மட்டும் என்று சுருக்கலாமா என்பது கேள்வி. நீதிமன்றம் 1964 ஆணையின் சொல்லை எடுத்து மேசைமேல் வைத்தது: அங்கே இருப்பது ‘ரெசிடென்ட்’, ‘ஆரிஜின்’ அன்று. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பது ஆணையைத் திருத்துவதாகும். அந்த அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு.

இத்தீர்ப்பை மிகைப்படுத்திப் படிக்கவும் கூடாது. நேற்று வந்து வீடு எடுத்தவர் இன்று சான்றிதழ் கேட்கலாம் என்று அது சொல்லவில்லை. ஆணையில் இல்லாத சொல்லை நிர்வாகம் உள்ளே நுழைக்க முடியாது என்றது, அவ்வளவே. ‘குடியிருப்பவர்’ என்பதற்கு நாள், ஆண்டு, தலைமுறை என்று ஏதேனும் அளவு உண்டா என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. உள்துறைக் கடிதங்களும் கோப்புகளில் உயிரோடு இருக்கின்றன. அலுவலக மேசைக்கு முன் நிற்பவரிடம் தீர்ப்பு பேசுவதில்லை; கடிதம்தான் பேசுகிறது.

இந்த வழக்குகளில் இரு பக்கமும் தலித் மக்களே நின்றார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் சுமார் 15.7 விழுக்காடு. இடங்கள் குறைவு, பக்கத்தில் இருப்பதோ மிகப் பெரிய மாநிலம். நம் பிள்ளைகளுக்கான இடங்களை வெளியிலிருந்து வருவோர் நிரப்பிவிடுவார்கள் என்ற பாகூர், நெட்டப்பாக்கம் இளைஞரின் அச்சம் வெற்றுக் கற்பனை அன்று. அதை இழித்துப் பேசுவோரோடு நமக்கு உடன்பாடில்லை. நம் மாறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. பூர்வீகம் என்ற அளவுகோல், காக்க வந்ததாகச் சொல்லப்படும் அதே மக்களையே முதலில் வெட்டுகிறது.

எப்படி என்றால், பூர்வீகத்தை வாயால் சொல்லி நிறுவ முடியாது. தாளால்தான் நிறுவ வேண்டும். 1964க்கு முந்தைய பட்டா, வீட்டுவரி ரசீது, கிரயப் பத்திரம் யாரிடம் இருக்கும்? நிலம் வைத்திருந்தவரிடம். ஆண்டையின் வயலில் உழைத்து, புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவரிடம் என்ன இருக்கும்? பள்ளிக்கூடமே போகாத தாத்தாவுக்குப் பள்ளிச் சான்று எங்கே கிடைக்கும்? நாம் மேலே சொன்ன மாணவியின் தாத்தா புதுச்சேரிப் பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்ததாகக் குடும்பத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அவர் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பல தலைமுறையாக இம்மண்ணில் வாழ்ந்தவரின் பேத்தி இன்று ‘வந்தேறி’ ஆகிறார்.

எல்லையின் தன்மையும் சேர்ந்துகொள்கிறது. புதுச்சேரி ஒரே நிலப்பரப்பு அன்று. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பது. ஐரோப்பியர் இருவர் போரிட்டு ஒப்பந்தம் போட்டு விட்டுச்சென்ற கோடு அது. அக்கோட்டின் இருபுறமும் ஒரே உறவுமுறை, ஒரே குலதெய்வம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள். கடலூர்ப் பக்கம் பிறந்து பாகூரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணின் சாதித் தகுதி, வழிகாட்டுதலின்படி, அவருடைய தந்தை வீட்டோடு போகிறது. முப்பது ஆண்டு இங்கே வாழ்ந்து வாக்களித்தாலும் அவர் புதுச்சேரிப் பட்டியல் சாதியினர் ஆவதில்லை. கணவர் கைவிட்டுப் போய், அவருடைய தாள்களும் அவரோடு போய்விட்டால், பிள்ளைகளின் நிலை என்ன? இத்தகைய மனுக்களில் எழுத்தர்கள் தாயிடம் கேட்பது, ‘கணவரின் அப்பாவுடைய சான்று இருக்கிறதா’ என்பதே. குடியிருத்தல் பற்றிய சட்டத்தில் குடியை நடத்துகிறவருக்கு இடமில்லை.

சொல்லோடு நேரடியாகச் சேராத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். அதே 1964 ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் அல்லாதோரைப் பட்டியலிலிருந்து விலக்குகிறது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்திலிருந்தே கிறித்தவத்தைத் தழுவிய தலித் குடும்பங்கள் ஏராளமாக உள்ள ஊர் இது. எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் அவர்களுக்கு இந்தச் சொல்லால் பயனில்லை. அது தனிக் கட்டுரைக்குரியது.

நடைமுறைக்கு வருவோம். ஒன்றிய அரசு வகுத்த சாதிச் சான்றிதழ்ப் படிவத்தின் அடிக்குறிப்பைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. படிவத்தில் வரும் ‘வழக்கமாகக் குடியிருக்கிறார்’ என்ற தொடருக்கு, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் உள்ள அதே பொருள் என்று அக்குறிப்பு கூறுகிறது. வாக்காளர் பட்டியலுக்கு எது குடியிருப்போ, அதுவே படிவத்துக்கும் குடியிருப்பு. மறுப்பாணை கையில் வந்தால், எந்த ஆணையின் எந்தச் சொல்லின்படி மறுக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். காரணமாகப் ‘பூர்வீகம்’ எழுதப்பட்டிருந்தால் 2014 தீர்ப்பின் நகலை இணைத்து மேல்முறையீடு செய்யுங்கள்.

1964ஆம் ஆண்டுச் சான்றே வேண்டும் என்று வற்புறுத்தினால், தேட இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பிரெஞ்சு ஆட்சியில் மேரிகளில், அதாவது நகராட்சி மன்றங்களில், எழுதப்பட்ட பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள். நிலமில்லாதவரின் குழந்தை பிறந்ததும் அவற்றில் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருக்கும் என்பதால் பொறுமையோடு தேட வேண்டும். மற்றொன்று, 1964 ஆகஸ்டில் நடந்த சட்டப்பேரவைத் தேர்தலின் வாக்காளர் பட்டியல். அப்பட்டியலில் பெயர் ஏறிய ஒவ்வொருவரையும் வழக்கமாகக் குடியிருப்பவர் என்று ஏற்றுத்தான் அரசு சேர்த்தது. மாணவியின் தாத்தாவின் பெயரை இப்போது நாம் அதில்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.